எட்டும் ஒன்பதும் பிறந்த கதை

1935ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அக்ரன் என்றொரு நகரம். வைத்தியர் ரொபர்ட் ஸ்மித்துக்கு அன்று காலையில் ஒரு சத்திரசிகிச்சை இருந்தது. வயது ஐம்பத்தைந்து. கத்தி பிடிக்க வேண்டிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அட்லான்டிக் சிற்றியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போகிறேன் என்று புறப்பட்டவர், ரயிலிலேயே குடிக்கத் தொடங்கி, நடுவில் கழிந்த நாட்கள் சரியாக நினைவில்லாமல் ஊர் வந்து சேர்ந்திருந்தார். மனைவி ஆனும், அவர்கள் வீட்டில் தங்கியிருந்த பில் வில்சன் என்ற நியூயோர்க்காரரும் பக்கத்திலேயே இருந்து அவரைத் தேற்றினார்கள். வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனபோது, நடுக்கம் அடங்கட்டும் என்று வில்சன் அவருக்கு ஒரு போத்தல் பியர் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வருடக்கணக்காக நாள் தவறாமல் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அக்ரனில் அன்று செய்த கைவைத்தியத்தை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். வைத்தியசாலைக்குப் போய், வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்துங்கள்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வைத்தியர் மட்டும் வீடு வந்து சேரவில்லை. மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். குடிகாரன் வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் மனம் எங்கெல்லாம் போகும் என்பதை நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரவாகித்தான் அவர் வந்தார். களைத்துப் போயிருந்தார், ஆனால் வெறியில் இல்லை. அவ்வளவு நேரமும் நகரத்தில் ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கியிருக்கிறார். கடன் கொடுத்தவர்களிடம், தன் குடியால் பாதிக்கப்பட்டவர்களிடம், யார் முகத்தில் விழிக்க அதுவரை பயந்தாரோ அவர்களிடமெல்லாம் போய், தன் நிலைமை இதுதான் என்று சொல்லி, கெடுத்ததைச் சரிசெய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அந்தப் பியர்தான் அவர் குடித்த கடைசி மது. 1950 நவம்பரில் கண்மூடும்வரை அவர் மறுபடி தொடவில்லை. அந்த நாளைத்தான், ஸ்மித்தும் வில்சனும் தொடங்கிய அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்ற குடிமீட்பு இயக்கம் தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. 1935 ஜூன் 10 என்பது இயக்கத்தின் கணக்கு. மாநாடு நடந்த திகதிகளைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்கள், ஒரு வாரம் பிந்தியிருக்கலாம் என்கிறார்கள். ஒரு மனிதன் குடியை விட்ட நாளும், தான் நோகடித்தவர்களைத் தேடிப்போன நாளும் ஒன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பின்னாளில் இந்த இயக்கம் பன்னிரண்டு படிகளை எழுதி வைத்தது. அதில் எட்டாம் படி, தன்னால் தீங்கு அடைந்தவர்கள் எல்லோரையும் பட்டியல் போட்டு, அவர்களுக்கு ஈடுசெய்ய மனதைத் தயாராக்கிக்கொள்வது. ஒன்பதாம் படி, நேரில் போய் ஈடுசெய்வது. அப்படிப் போவது அவர்களையோ வேறு யாரையோ இன்னும் நோகடிக்குமானால் போகாமல் விடுவது. இந்த இரண்டு படிகளும் எங்கே பிறந்தன என்று கேட்டால், புத்தகத்தில் அல்ல, அக்ரன் நகரத்துத் தெருக்களில் என்றுதான் சொல்வேன்.

ஸ்மித்துக்கு அந்த யோசனை புதிதாக வந்ததல்ல. இரண்டரை வருடமாக அவருக்கு அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தார். அந்தக் குழு அங்கே வந்த கதை டயரில் தொடங்குகிறது. அக்ரன் அன்று டயர் நகரம். குட்இயரும் ஃபயர்ஸ்டோனும் அங்கேதான் பிறந்தன. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத் தொழிலாளர் பால் எடுத்த ரப்பருக்கு அன்று பெரிய சந்தை அமெரிக்க டயர் ஆலைகள். ஃபயர்ஸ்டோன் முதலாளியின் மகன் ஒருவர் பெருங்குடியர். ஒக்ஸ்போர்ட் குழுவினரின் துணையோடு அவர் குடியை விட்டார். நன்றிக்கடனாக, 1933 ஜனவரியில் அந்தக் குழுவை அக்ரனுக்கு அழைத்துக் கூட்டங்கள் நடத்தினார் தகப்பன். ஆன் ஸ்மித் அந்தக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார், கணவரையும் கூட்டிப்போனார். ஸ்மித் நேர்மையாகத்தான் போனார். வாசித்தார், பிரார்த்தித்தார், வீட்டுக்கு வந்து குடித்தார்.

ஒக்ஸ்போர்ட் குழுவினர் நாலைந்து காரியங்களை விடாமல் வலியுறுத்துவார்கள். குற்றத்தை மனம்விட்டுச் சொல்வது ஒன்று, கடவுளிடம் தன்னை ஒப்படைப்பது ஒன்று, கெடுத்ததைத் திருப்பிச் சீர்செய்வது இன்னொன்று. ஸ்மித் மற்றதெல்லாம் செய்தார். இந்த ஒன்றை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தார். வைத்தியர் குடிகாரர் என்று வெளியில் தெரிந்தால் நோயாளி வரமாட்டான், தொழில் போய்விடும் என்பது அவர் நினைப்பு. வீட்டின் மேல் ஏற்கெனவே ஈட்டுக்கடன், அது உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம். அந்தப் பயம் வெறும் சாட்டு அல்ல. ஆனால் அந்தப் பயத்தை மறக்கத்தான் அடுத்த போத்தல் தேவைப்பட்டது.

1935 மே 11, அன்னையர் தினத்துக்கு முதல் நாள். வியாபாரப் பேச்சொன்று முறிந்து, அக்ரன் ஹோட்டல் ஒன்றில் கையில் போதிய காசில்லாமல் நின்ற பில் வில்சன், குடிக்கப் போய்விடுவோமோ என்று பயந்து, இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் தப்பலாம் என்று தேவாலயங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த அழைப்பு, குட்இயரைத் தொடங்கியவரின் மருமகளான ஹென்றியெட்டா சைபர்லிங்கிடம் போய் முடிந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் வில்சனும் ஸ்மித்தும் சந்தித்தார்கள். பதினைந்து நிமிடம் இருப்பேன் என்று சொல்லி வந்த ஸ்மித் இரவு பதினொரு மணி தாண்டித்தான் எழுந்தார். அதன் பிறகும் ஒருமுறை விழுந்தார். அதுதான் அட்லான்டிக் சிற்றிப் பயணம். அந்த விழுகைக்குப் பிறகே, இரண்டரை வருடம் தள்ளி வைத்த அந்த ஒன்றைச் செய்யாமல் மற்றது எதுவும் நிற்காது என்று அவருக்கு உறைத்தது.

சத்திரசிகிச்சை நாளில் அவர் போன இடங்களில் நடந்ததைப் பற்றி இயக்கத்தின் புத்தகம் சொல்லும் ஒரு சங்கதி, நம்மைப்போன்ற சின்ன ஊர்க்காரருக்கு நன்றாக விளங்கும். அவர் எதிர்பார்த்ததைவிட மனிதர்கள் நல்ல முகத்தோடுதான் வரவேற்றார்கள். பலருக்கு அவர் குடி முன்பே தெரிந்திருந்தது. வருடக்கணக்காக ஊருக்கு மறைத்த இரகசியம், ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒன்று.

கிழக்கிலங்கையில், நம் ஆலையடிவேம்பில் ஒருவர் காலையில் வைன் ஸ்டோர்ஸ் பக்கம் போனால் மத்தியானம் அக்கரைப்பற்றுச் சந்தையில் இருப்பவருக்கும் அது தெரியும். தெரியாது என்று நம்பிக்கொண்டிருப்பவர் குடிப்பவர் ஒருவரே. குடியை விட்டபிறகும் அதே நம்பிக்கையோடு, நடந்தது எதுவுமே நடக்காததுபோல நடமாடப் பார்ப்பார். “நான் இப்பக் குடிக்கிறல்லதானே, இன்னும் என்ன?” என்று மனைவியிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நடந்தவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் “மறுகா பாப்பம்” என்று எழும்பிப் போவார்கள்.

படிகள் எழுத்தில் பிறந்தது மூன்றரை வருடம் கழித்து, 1938 டிசம்பரில். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில், கிளின்டன் வீதி 182ஆம் இலக்க வீடு. வாய்வழியாகச் சொல்லிவந்த ஆறு விதிகளைப் பில் வில்சன் அங்கே இருந்து பன்னிரண்டாக விரித்து எழுதினார். அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்தார் என்பார்கள். குடிகாரனின் மனம் எந்தச் சட்டத்திலும் ஓட்டை தேடும், அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்பதுதான் விரித்து எழுதியதன் நோக்கம். கெடுத்ததைச் சீர்செய் என்று ஒன்றாய் இருந்தது இரண்டாகப் பிரிந்ததும் அப்போதுதான். எனக்கு அந்தப் பிரிவு மிகப் பிடிக்கும். குடியை விட்ட மூன்றாம் நாள், கண்ணீரோடு வீடுவீடாய் ஓடி “மன்னிச்சிருங்க” என்று சொல்வது கடினமே இல்லை. அது மன்னிப்புக் கேட்பவனின் மனப்பாரத்தைத்தான் இறக்கும். முதலில் உட்கார்ந்து எழுது, யார் யார், என்னென்ன என்று. எழுதும்போதுதான் பெயர்கள் ஒவ்வொன்றாய் வரும், வர வேண்டாம் என்று நினைத்த பெயரும் வரும்.

அந்த வீடு யாருடையது? அது பில் வில்சனின் மாமனார் வாழ்ந்த வீடு. குடியால் தொழிலையும் பணத்தையும் தொலைத்தவர், மனைவி லோயிஸின் தகப்பன் வீட்டில் வந்து ஒண்டியிருந்தார். லோயிஸ் பெரிய கடையொன்றில் வேலை செய்து குடும்பத்தைப் பார்த்தார். தீங்கு அடைந்தவர்களின் பட்டியலைப் போடு என்று எழுதிய மனிதரின் பட்டியலில் முதற்பெயருக்குரியவர் அதே கூரையின் கீழ் இருந்தார்.

இதை வாசிக்கும்போது நம் கரையோரம் நினைவுக்கு வராமல் இருக்காது. அக்கரைப்பற்றில் 1969 முதல் தங்கி ஆய்வுசெய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார்: இந்தப் பகுதியில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். அந்த வளவின் அயலில் அவளுடைய தாய், பெரியம்மா, தங்கச்சிமார். குடித்துவிட்டு அவன் கத்திய ஒவ்வொரு சொல்லும் வேலிக்கு அப்பால் அவளுடைய ஆட்களுக்குக் கேட்டிருக்கிறது. அடித்த அடியும் கேட்டிருக்கிறது. அவளுடைய தாலிக்கொடி அடகுக்குப் போன நாளை மாமி மறந்திருக்கமாட்டார். ஆகவே இங்கே ஈடுசெய்யப் புறப்படுகிறவர் எங்கும் தூரம் போக வேண்டியதில்லை. திண்ணையிலிருந்தே தொடங்கலாம். அதனாலேயே அது கடினம்.

லோயிஸின் கதையில் ஒரு சப்பாத்து வருகிறது. பில் குடியை விட்டுவிட்டார், வீடு முழுக்க மற்றக் குடிகாரர்கள், மாலையானால் கூட்டம். ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் வா என்று அவர் அவசரப்படுத்தியபோது, லோயிஸ் கையில் கிடைத்த சப்பாத்தைத் தூக்கி எறிந்தார், உங்கள் கூட்டங்களும் நீங்களும் என்ற கோபத்தில். பதினேழு வருடம் குடியோடு வாழ்ந்து அவனை மீட்கப் பாடுபட்டவள் அவள். அவன் மீண்டதும், பெருமை புதிய நண்பர்களுக்குப் போனது. அவளுக்கு என்ன பட்டது என்று உட்கார்ந்து கேட்டவர் இல்லை. அந்தக் கோபம் வீண்போகவில்லை. 1951இல் லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனொன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் குடியை விட்டவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சப்பாத்துதான் நினைவுக்கு வரும். மேடைக்குக் கீழே கதிரையில் இருக்கும் மனைவியிடமும் ஒலிவாங்கியைக் கொடுங்கள் என்று சொல்லத் தோன்றும். அவர் பேச விரும்பாவிட்டால் அதையும் மதியுங்கள்.

ஒன்பதாம் படியில் இருக்கும் அந்த விலக்கு, மேலும் நோகடிக்குமானால் போகாதே என்பது, அனுபவத்தால்தான் அவசியமாகியிருக்க வேண்டும். ஒக்ஸ்போர்ட் குழு முழுமையான நேர்மை கேட்டது. உள்ளதையெல்லாம் கொட்டு என்றது. கொட்டுகிறவனுக்குப் பாரம் இறங்கும், கேட்கிறவர் தலையில் அது ஏறும். வேறொரு பெண்ணோடு இருந்த தொடர்பை மனைவியிடம் போய் விவரமாகச் சொல்லி, அந்தப் பெண்ணின் பெயரையும் இழுத்துவிட்டால் இரண்டு பெண்களின் வாழ்க்கை குலையும். இயக்கத்தின் புத்தகம் இதைப் பற்றி நீண்ட எச்சரிக்கை தருகிறது. அடி நடந்த வீட்டுக்கு இந்த விலக்கு இன்னும் பொருந்தும். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுக்க முடியும். அப்படியொரு கட்டளை பெற்ற பெண்ணின் படலையடியில் போய் நின்று மன்னிப்புக் கேட்பது ஈடுசெய்தல் ஆகாது. அவளுக்கு அது இன்னொரு பயம். அங்கே போகாமல் இருப்பதே குடியை விட்டவர் செய்யக்கூடிய ஈடு. பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய பராமரிப்புப் பணத்தை மாதம் தவறாமல் கட்டுவது அடுத்தது.

அக்ரனில் பிறந்த இந்த வழக்கம் நம் மண்ணுக்கு அந்நியமானதல்ல. அக்கரைப்பற்றில் எந்த ஆலிமைக் கேட்டாலும் சொல்வார்: தவ்பா என்றால் பாவத்தை விடவேண்டும், வருந்தவேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுக்கவேண்டும். பாவம் இன்னொரு மனிதனுக்குச் செய்ததானால் நாலாவது ஒன்று உண்டு, அவனுடைய உரிமையை அவனிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். 13ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி தன் ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற நூலில் இதைத் தெளிவாக வகுத்து வைத்திருக்கிறார். அடியார்களுக்குச் செய்த அநியாயத்தை அடியார்களிடமே தீர்க்கவேண்டும், ஹக்குல் இபாத் என்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் சொந்தக்காரர், அயலவர் வீடுகளுக்குப் போய்க் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து மன்னிப்புக் கேட்பதை இந்த ஊர்களில் காணாதவர் இல்லை. ஒன்பதாம் படியின் விலக்குக்கும் அங்கே இணை உண்டு. ஒருவரைப் பற்றிப் புறம் பேசியவர், அதை அவரிடமே போய்ச் சொன்னால் புதிதாக மனக்கசப்பு உண்டாகும் என்றால் சொல்லாமல் அவருக்காகப் பிரார்த்திக்கட்டும் என்று கருதிய அறிஞர்கள் இருந்திருக்கிறார்கள். குடியே ஹராம் என்பதால், ஒளித்துக் குடித்த முஸ்லிம் ஒருவருக்கு இந்த வழியில் இறங்க இரட்டை வெட்கம் தடையாக இருக்கும். அவருக்கு உதவ வேண்டியவர்கள் அந்த வெட்கத்தைக் கூட்டிவிடக் கூடாது.

தமிழர் பக்கம் கண்ணகி இருக்கிறாள். தம்பிலுவிலிலும் காரைதீவிலும் வைகாசியில் கண்ணகி வழக்குரை படித்துக் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது கூடுகிற கூட்டத்தைப் பாருங்கள். அநியாயத் தீர்ப்பால் புருஷனை இழந்தவளின் கோபத்தை ஊர் சேர்ந்து ஆற்றுகிறது. அவள் கோபம் தப்பு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. முதலில் அவள் வழக்கு முழுவதையும் கேட்கிறார்கள். குளிர்த்தி பிறகுதான் வருகிறது. குடியை விட்ட கணவன் மனைவியிடம் போகும்போது இந்த வரிசை அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசாமல் இருக்க வேண்டும்.

பணக்கணக்கு இதைவிட இலகு, அதனால் தொடங்குவதற்கு நல்லது. பெரும்போக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கையில் வந்ததும் கடைக்குப் போய், “காக்கா, கொப்பியில என்ட பேருக்கு எவ்வளவு கிடக்கு?” என்று கேட்கலாம். கடைக்காரர் பழைய கொப்பியைத் தேடி எடுத்துத் தூசு தட்டி, விரலால் வரிவரியாகக் கூட்டுவார். தொகை நினைத்ததைவிடக் கூடவாக இருக்கும். முழுவதும் முடியாது, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகையைச் சொல்லி, அன்றே முதல் தவணையைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஸ்மித் அன்று கொடுத்ததும் பெரும்பாலும் வாக்குத்தான். வாக்கைக் காப்பாற்ற அவருக்குப் பதினைந்து வருடம் கிடைத்தது. அந்த வருடங்களில் அக்ரன் செயின்ற் தோமஸ் வைத்தியசாலையில் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரியோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கான குடிநோயாளர்களுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார்.

எல்லாம் செய்தும் அவர்கள் மன்னிக்காவிட்டால்? இந்தக் கேள்விக்கான பதில் கதையின் ஆக அடிவேரில் இருக்கிறது. ஒக்ஸ்போர்ட் குழுவைத் தொடங்கிய ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்கப் போதகர், பிலடெல்பியாவில் ஏழை இளைஞர்களுக்கான விடுதியொன்றை நடத்திவந்தார். செலவைக் குறை, சாப்பாட்டைக் குறை என்ற நிர்வாகக் குழுவினர் ஆறு பேரோடு முரண்பட்டு 1907இல் விலகினார். அந்தக் கசப்பு அவரை விட்டுப் போகவில்லை. 1908இல் இங்கிலாந்தின் கெசிக் என்ற ஊரில், ஒரு சிறு தேவாலயத்தில் ஜெசி பென்-லூயிஸ் என்ற பெண் பிரசங்கித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஆறு பேர் செய்தது பிழைதான், ஆனால் மனதில் வன்மம் வளர்த்த தான் ஏழாவது பிழைகாரன் என்று அவருக்குப் பட்டது. ஆறு பேருக்கும் ஆறு கடிதங்கள் எழுதினார். அவர்கள் செய்த பிழையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், தன் வன்மத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார்.

ஒருவரும் பதில் எழுதவில்லை. அந்தக் கடிதங்களிலிருந்துதான் திருப்பிச் சீர்செய்தல் என்ற வழக்கம் அவருடைய குழுவுக்கு வந்தது, குழுவிலிருந்து அக்ரனுக்கு, அக்ரனிலிருந்து எட்டாம் ஒன்பதாம் படிகளுக்கு. மன்னிப்புக் கிடைக்கும் என்று எங்கேயும் உத்தரவாதம் எழுதப்படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடகை மீட்டுக்கொண்டு போய்த் தாலிக்கொடியை மனைவியின் கையில் கொடுத்தால், அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் நீங்கள் உங்கள் அம்மா வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவர் போய் இருக்கட்டும், கடைக்காரருக்குச் சொன்ன அடுத்த தவணையைச் சொன்ன திகதியில் கட்டட்டும்.